கிழக்குச் சுவரின் கவுளி

அர்த்தநாரி யாரையும் நம்பியதில்லை. பால்காரன் தண்ணீர் கலக்கிறான் என்று எருமை வாங்கினார். வாங்கிய பிறகு, கறக்கிற பெண்டாட்டிக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டு செம்பைப் பார்த்துக்கொண்டிருப்பார். மோகனூர் போகிற பஸ்தானே என்று கண்டக்டரிடம் கேட்பார், டிரைவரிடம் கேட்பார், ஏறி உட்கார்ந்த பிறகு பக்கத்து ஆளிடமும் கேட்பார். இத்தனைக்கும் மனுசன் எழுதப் படிக்கத் தெரிந்தவர். பலகையைப் பார்க்கக் கூடாதா என்று யாராவது சிரித்தால், "பலகை எழுதுனவனும் மனுசந்தானுங்களே" என்பார். அதற்கு என்ன பதில் சொல்வது?

மோகனூர் வாய்க்காலோரம் கொஞ்சம் கரும்பு, மேட்டாங்காட்டில் கொஞ்சம் நிலக்கடலை, ஓட்டுவீடு, ஒரே மகள். குறைசொல்ல ஒன்றும் இல்லாத பிழைப்புதான். ஆனால் சந்தேகப் பிராணிக்குச் சந்தனம் பூசினாலும் அரிக்கும். வணக்கம் சொன்னவன் எதற்குச் சொன்னான் என்று யோசிப்பார். சொல்லாமல் போனவன் ஏன் சொல்லவில்லை என்று அதைவிட நேரம் யோசிப்பார்.

அப்பேர்ப்பட்டவர் இந்த உலகத்தில் ஒரே ஒரு ஜீவனை நம்பினார். அது அவர் வீட்டு ஆசாரத்தில், அதாவது முன்கூடத்தில், சுவரோடு குடியிருந்த மொண்டி வால் பல்லி. அந்தப் பக்கத்தில் அதைக் கவுளி என்பார்கள்.

நம்பிக்கை வந்த கதை இதுதான். கல்யாணமான புதிதில் சிநேகிதன் ஒருவன் ஈரோட்டில் மஞ்சள் மண்டி போடலாம், கூட்டுச் சேர் என்று கூப்பிட்டான். அர்த்தநாரிக்கும் சபலம் தட்டியது. துணிமணி எடுத்து வைத்துக்கொண்டு, விளக்கு வைக்கிற நேரத்தில் சாமியைக் கும்பிட்டுவிட்டுக் காலெடுத்து வைக்கிறார். தெற்குச் சுவரிலிருந்து கவுளி 'ச்ச் ச்ச் ச்ச்' என்று அடித்தது. எமன் இருக்கிற திசை. வைத்த காலைப் பின்னால் எடுத்துவிட்டார். அடுத்த பொங்கலுக்குள் மண்டியைப் பூட்டிவிட்டுச் சிநேகிதன் போன திசை தெரியவில்லை. அன்றைக்கு அர்த்தநாரி சுவரைப் பார்த்து நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கும்பிட்டார்.

கவுளி சொல்லுக்குப் பஞ்சாங்கத்தில் பெரிய பட்டியலே உண்டு. கிழமைக்கு ஒன்று, திசைக்கு ஒன்று. பஞ்சாங்கம் அச்சடிக்கிறவனையும் நம்ப முடியாதே! அதனால் அவராகவே ஒரு கணக்கு வைத்துக்கொண்டார். கிழக்குச் சுவரில் சொன்னால் செய்யலாம். தெற்குச் சுவரில் சொன்னால் கூடாது. மற்ற இரண்டு சுவரிலும் சொல்வது அது தன் சோலிக்குப் பேசிக்கொள்வது, நமக்கில்லை. விளக்கு வைத்ததும் ஆசாரத்து நடுவில் கைகட்டி நின்று, "சாமி, ஒரு வார்த்தை சொல்லு" என்று கேட்பார். அன்றைக்குச் சொல்லாவிட்டால் மறுநாள் கேட்பார். சொல்லும்வரை கேட்பார்.

கரும்பு போட்டது அது சொல்லித்தான். தார் ரோட்டை ஒட்டிய காட்டை விற்காமல் வைத்திருப்பதும் அது சொல்லித்தான். மகள் மயிலம்மாள் வயதுக்கு வந்த பிறகும் பள்ளிக்கூடத்தை நிறுத்தாமல் பத்தாவது முடிக்க வைத்தது அது சொல்லித்தான். அவளுக்கு முதலில் வந்த இரண்டு மாப்பிள்ளைகளையும் தெற்குச் சுவரிலிருந்து தள்ளிவிட்டது. அதில் ஒருத்தன் குடிகாரன் என்பதும் இன்னொருத்தனுக்கு வெளியில் வேறொரு குடும்பமே இருக்கிறது என்பதும் பிற்பாடு தெரியவந்தது. ஒரு தடவையாவது அது தப்பாகச் சொன்னது உண்டா? கிடையாது. "மனுசஞ் சொல்லு மாறும், கவுளி சொல்லு மாறாது" என்று அவர் ஊரில் சொல்லிக்கொண்டு திரிந்ததில் என்ன குற்றம்?

இப்படிப்பட்ட கவுளிக்குச் சாப்பாட்டைக் கண்ட கையில் விட முடியுமா? அவர் ஒருவர்தான் தீனி வைப்பார். வேறு யாரும் பூச்சி கொடுக்கக் கூடாது என்பது வீட்டுக் கட்டளை. பூச்சி பிடிப்பதிலும் லேசுப்பட்ட ஆளில்லை. மின்மினி ஆகவே ஆகாது. வேலியில் ஓர் ஒடக்கான், அதான் ஓணான், மின்மினியைக் கவ்விய கொஞ்ச நேரத்தில் வாயைப் பிளந்துகொண்டு விறைத்ததை அவர் கண்ணால் பார்த்திருக்கிறார். கம்பளிப்பூச்சி தொண்டையை அரிக்கும். நாவாய்ப்பூச்சி நாறும். செவ்வெறும்பைக் கொடுத்தால் கவுளியை அது கடிக்கும். கவுளியின் தலை அகலத்துக்கு மேலிருக்கிற பூச்சி விக்கிக்கொள்ளும். நல்லது எதுவென்றால், மழை பெய்த மறுநாள் இறகு கிள்ளிப்போட்ட ஈசல், கரையான், சின்ன வெட்டுக்கிளி, அந்துப்பூச்சி.

அதையும் கண்ட காட்டில் பிடிக்க மாட்டார். அந்தக் காலத்தில்தான் காட்டுக்குக் காடு மருந்தடிக்க ஆரம்பித்திருந்தார்களே. பக்கத்துக் காட்டுக்காரரிடம், "மருந்தடிச்சீங்களா?" என்று கேட்பார். இல்லை என்று அவர் சொன்னாலும் இலையைக் கிள்ளி மோந்து பார்ப்பார். கடைசியில் தன் கிளுவை வேலியிலேயே பிடித்து, மூடியில் ஓட்டை போட்ட கண்ணாடிப் பாட்டிலில் போட்டு, கொஞ்சம் தவிட்டைத் தூவி ஒருநாள் வைத்திருப்பார். மறுநாளும் துறுதுறுவென்று இருக்கிற பூச்சியை மட்டும் ஈர்க்குச்சி நுனியில் நீட்டுவார். சோம்பி உட்கார்ந்திருக்கிற பூச்சியைத் தூர எறிந்துவிடுவார். "மந்தமா இருக்கற பூச்சி மருந்து தின்ன பூச்சி" என்பார். கொசு மருந்து அடிக்கிற ஆட்கள் ஊருக்கு வந்தபோது ஆசாரத்துக்குள் அவர்களை விடவே இல்லை. வாசலில் குறுக்கே கட்டிலைப் போட்டுப் படுத்துக்கொண்டார்.

"மாமியாளுக்கு மருமவகூட இப்புடிப் பாத்துப் பாத்து ஆக்கிப் போட மாட்டா" என்று ஊரே சிரித்தது. அவர் பெண்டாட்டி சௌந்திரம் மட்டும் சிரிக்க மாட்டாள்.

சௌந்திரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் அதிகம் பேச மாட்டாள். பிறவியிலேயே அப்படி இல்லை. வந்த புதிதில் ஏதோ ஒரு காட்டு வேலையைப் பற்றி, "இப்புடிப் பண்ணுனா என்னுங்க?" என்று வாயைத் திறந்தாள். அர்த்தநாரி அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இதை உனக்கு ஆரு சொல்லிக் குடுத்தது? உன்ற தம்பியா?" என்று கேட்டார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவள் எந்த விஷயத்திலும் யோசனை சொன்னதே இல்லை. "உங்க இஷ்டமுங்க" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவாள். நல்லவேளை, பெண்டாட்டி குறுக்கே பேசுவதில்லை என்று அர்த்தநாரி நினைத்துக்கொண்டார். ஆனாலும் குறுக்கே பேசாதவள் மனதில் என்ன வைத்திருக்கிறாளோ என்றும் அவ்வப்போது யோசித்தார்.

காவிரியில் பெருவெள்ளம் வந்துபோன மறுவருசம், ஆனி மாதம். சௌந்திரத்தின் தம்பி கண்ணுசாமி மயிலம்மாளுக்கு ஒரு வரன் கொண்டு வந்தான். அவன் ஏற்காட்டு மலைக்கு லாரி ஓட்டுகிறவன். மலை ஏறுவதற்கு முன் அடிவாரத்தில் கொண்டப்பநாயக்கன்பட்டியில் நிறுத்துவது வழக்கம். அங்கே மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிற நாச்சிமுத்து என்ற பையனை நாலைந்து வருசமாகத் தெரியுமாம். பீடி, சாராயம் எதுவும் கிடையாது. சொந்தத்துக்குள்தான், குலம், கூட்டம் முறையெல்லாம் பொருந்துகிறது.

அர்த்தநாரிக்கு உடனே மூக்கு வேர்த்தது. "ஏன் மாப்ள, அந்த மலையடியில பொண்ணே இல்லியா? இத்தனை தூரம் வந்து கேக்கறாங்கன்னா அங்க ஆரும் குடுக்க மாட்டீங்கறாங்கன்னுதான அர்த்தம்?"

"மச்சான், பொண்ணு நல்ல பொண்ணுன்னு நாந்தானுங்க சொன்னேன்."

"நீ எதுக்குச் சொன்னே?"

கண்ணுசாமி அக்காவைப் பார்த்தான். அக்கா அடுப்படியைப் பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வந்தார்கள். பையன் வந்து உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் கிணற்று மோட்டார் ஓடுகிற சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, "மாமா, பேரிங் போகப் போகுதுங்க. இந்த மாசம் தாண்டாது" என்றான். மயிலம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தலையைக் குனிந்துகொண்டாள். அவள் சிரித்ததை அம்மா பார்த்தாள். அர்த்தநாரியோ, பெண் பார்க்க வந்தவன் மோட்டாரை எதற்குப் பார்க்கிறான் என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

போகும்போது பையனின் தகப்பனார் சொன்னார்: "எங்களுக்குப் புடிச்சிருக்குதுங்க. இன்னொரு எடத்துலயும் கேட்டுக்கிட்டே இருக்கறாங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள ஒரு வார்த்தை சொல்லீட்டீங்கன்னா ஆவணியில வெச்சுக்கலாமுங்க."

கண்ணுசாமி அன்றைக்கு ராத்திரி அங்கேயே படுத்துவிட்டு, வெள்ளிக்கிழமை வருகிறேன் என்று சொல்லிப் போனான். மறுநாள் காலையில் மோட்டார் ஓடுகிறபோது மயிலம்மாள் போய்ப் பக்கத்தில் நின்று காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். அதையும் அம்மா பார்த்தாள். இருபத்தோரு வயது. கூடப் படித்தவளெல்லாம் இடுப்பில் பிள்ளையோடு நோம்பி, திருவிழாவுக்கு வருகிறாள்.

திங்கட்கிழமை விளக்கு வைத்ததும் அர்த்தநாரி கவுளியிடம் கேட்டார். அது சாமி படத்துக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்ததோடு சரி. செவ்வாய்க்கிழமை மேற்குச் சுவரில் ஏதோ முனகியது. அது கணக்கில் சேராது. புதன்கிழமை வரவே இல்லை. அவருக்குச் சந்தேகம் முற்றியது. நாள் குறித்துவிட்டு நெருக்குகிறார்கள். சாமியோ வாய் திறக்க மாட்டேன் என்கிறது. இதில் என்னமோ இருக்கிறது! வெள்ளிக்கிழமை வரைக்கும் அது பேசாவிட்டால் 'வேண்டாம்' என்று சொல்லிவிடுவதாக வீட்டில் அறிவித்தார். மயிலம்மாள் தட்டில் போட்ட சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனாள். சௌந்திரம், "உங்க இஷ்டமுங்க" என்றாள்.

வியாழக்கிழமை விளக்கு வைக்கும்போது பார்த்தால், கவுளி கிழக்குச் சுவரில் மாடக்குழிக்குப் பக்கத்தில் அசையாமல் ஒட்டிக்கொண்டிருந்தது. அர்த்தநாரி அவசரமாக ஆசாரத்து நடுவுக்கு வந்தார். கைகட்டி நின்றார். வாசற்படியோரம் மயிலம்மாள் நின்றாள். சௌந்திரம் அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"சாமி, மயிலைக் கொண்டப்பநாயக்கன்பட்டிக்குக் குடுக்கலாமா? ஒரு வார்த்தை சொல்லு."

கவுளி தலையைத் தூக்கியது. வாயைத் திறந்தது. சத்தம் வரவில்லை. மறுபடியும் திறந்தது. கால் நடுங்கியது. சொத்தென்று தரையில் விழுந்தது.

"அப்பா, அது நடுங்குதுங்க!" என்று மயிலம்மாள் அலறினாள்.

அட கெரகமே! அர்த்தநாரி அதை உள்ளங்கையில் ஏந்தி ஈர்க்குச்சியால் தண்ணீர் சொட்டுவிட்டார். தண்ணீர் வாயோரம் வழிந்தது. காலும் வாலும் வெட்டி வெட்டி இழுத்தன. அவர் பெரிய மனுசன் என்பதை மறந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். விடிவதற்குள் அது செத்துப்போயிற்று.

காலையில் அவர் முதலில் செய்தது அழுவதல்ல, துப்புப் பார்ப்பது. கிழக்கு மாடக்குழியைத் தடவினார். விரலில் அந்துப்பூச்சியின் இறகுகள் ஒட்டின. வியாழக்கிழமை அவர் தீனியே வைக்கவில்லை. அப்படியானால் இந்த இறகு ஏது? மோந்து பார்த்தார். மூக்கைக் கமறுகிற வாடை. அந்தப் பூச்சிமருந்து வாடை அவருக்கு நன்றாகத் தெரியும். பி.எச்.சி. பொடி.

அந்தப் பொடி அவர் வீட்டில் ஓரிடத்தில்தான் இருந்தது. அட்டாலிப் பரண் மேலே, சோளத்தட்டுக்குப் பின்னால், ஆடிப்பட்டத்துக்கு விதைக்கடலை மூட்டையை ஒளித்து வைத்திருந்தார். விதை இருக்கிறது என்று தெரிந்தால் ஊரே வந்து கேட்கும். வீட்டுப் பெண்கள் வாய் சும்மா இருக்காது. அதனால் யாரிடமும் சொல்லவில்லை. பூச்சி விழுகிறதே என்று போன வாரம், வீட்டில் யாரும் இல்லாத நேரம் பார்த்து ஏறி, பொடியைக் கொட்டிக் கலக்கிவிட்டு இறங்கினார். அதையும் யாரிடமும் சொல்லவில்லை.

அப்படியானால் யாரோ அட்டாலியில் ஏறியிருக்கிறார்கள். மூட்டையை அவிழ்த்திருக்கிறார்கள். பொடி தின்ற பூச்சியைக் கொண்டுவந்து சாமிக்கு வைத்திருக்கிறார்கள். யார்? ஞாயிற்றுக்கிழமை ராத்திரி அட்டாலிக்குக் கீழே கட்டில் போட்டுப் படுத்தது யார்? இந்தச் சம்பந்தம் முடிய வேண்டும் என்று குதிக்கிறவன் யார்? தெற்கில் சொல்லிவிடுமோ என்று பயந்து வாயை அடைத்துவிட்டானா? எல்லாம் கண்ணாடி போலத் தெரிந்தது. தப்பான முடிவுதான் எப்போதும் கண்ணாடி போலத் தெரியும். இது அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

மத்தியானத்துக்கு மேல் கண்ணுசாமி சிரித்துக்கொண்டே வந்தான். "என்னுங்க மச்சான், நல்ல வார்த்தை சொல்லுங்க. சாயங்கால பஸ்ஸுக்குப் போயிச் சொல்லோணும்."

"உள்ள வராதே. அங்கியே நில்லு."

கண்ணுசாமி வாசலில் நின்றான்.

"அட்டாலியில எதுக்குடா ஏறுனே?"

"அட்டாலியா? நான் எதுக்குங்க அட்டாலியில ஏறோணும்?"

"நடிக்காதே. உப்பிட்ட ஊட்டுல வாயில்லாத சீவனைக் கொன்னு போட்டுட்டு இளிச்சுக்கிட்டு வாரயா? சாமி சொல்லீரும்னு பயந்துதானே பொடி வெச்சே? அந்தப் பையன்கிட்ட அப்புடி என்னடா ஊழல் இருக்குது, நீ மறைக்கறதுக்கு?"

கண்ணுசாமிக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியதும் முகம் கறுத்துவிட்டது. "மச்சான், நான் லாரி ஓட்டறவன். ரோட்டுல ஒரு நாய் குறுக்க வந்தாக்கூட பிரேக்கைப் போடறவன். ஒரு பல்லியைக் கொன்னுதான் என்ற அக்கா மவளுக்குக் கண்ணாலம் பண்ணோணுமா? போதுமுங்க. அவியகிட்ட வேண்டாம்னுட்டாங்கன்னு சொல்லீர்றேன். இனி இந்த வாசப்படி மிதிச்சா என்னைக் கேளுங்க."

திரும்பி நடந்தான். உள்ளே மயிலம்மாள் விம்முகிற சத்தம் கேட்டது.

"நில்லு கண்ணுசாமி!"

குரல் யாருடையது என்று அர்த்தநாரி திரும்பிப் பார்த்தார். சௌந்திரம் ஆசாரத்து நடுவில் வந்து நின்றுகொண்டிருந்தாள். அத்தனை வருசத்தில் அவள் அந்த அளவுக்குச் சத்தம் போட்டு அவர் கேட்டதில்லை.

"அவனை உடுங்க. பூச்சி வெச்சது நானு."

"நீயா? நீ எதுக்கு வெச்சே?"

"கெழக்குச் செவுத்துல சொல்லட்டும்னு."

அவர் புரியாமல் பார்த்தார்.

"பூச்சி இருக்கற பக்கம் அது போயி நிக்கும். நின்ன பக்கம் கத்தும். ஆகும்னா கெழக்கு மாடத்துல வெப்பேன், ஆகாதுன்னா தெக்கு மாடத்துல வெப்பேன். இதென்ன மாயமா, மந்திரமா? எப்பவும் சோளக் குதிருல அந்து புடிப்பேன். இந்த வருசம் சோளம் தீந்து போச்சு. திங்கக்கெழமையில இருந்து எங்க தேடியும் ஒரு பூச்சி கெடைக்கல. நேத்துத்தான் நீங்க ஒளிச்சு வெச்சிருக்கற அட்டாலி மூட்டை நெனப்பு வந்துச்சு. ஏறுனேன். பூச்சி அசையாம உக்காந்திருந்துச்சு, புடிக்க லேசா இருந்துச்சு. எடுத்தாந்து வெச்சேன்."

மந்தமாக இருக்கிற பூச்சி மருந்து தின்ற பூச்சி. அர்த்தநாரி ஊருக்கெல்லாம் சொன்ன பாடம்தான் அது.

"எத்தனை நாளா இது?"

"மயிலு பொறந்ததுல இருந்துங்க."

"கரும்பு போட்டது?"

"நாந்தானுங்க."

"ரோட்டோரத்துக் காடு?"

"நாந்தானுங்க."

"மயிலைப் படிக்க வெச்சது? அந்த ரெண்டு மாப்பிள்ளையும்?"

"ஒருத்தன் வந்து உக்காந்தப்பவே சாராய நாத்தம் அடிச்சுது. இன்னொருத்தனைப் பத்திச் சந்தையில விசாரிச்சேன். உங்ககிட்டச் சொன்னா ஆரு சொல்லிக் குடுத்ததுன்னு கேப்பீங்க."

அவர் கடைசியாக இருந்த ஒரே பிடியையும் பிடித்துப் பார்த்தார். "ஈரோட்டு மண்டி?"

"அது நானில்லீங்க. அது மட்டும் அதுவாச் சொன்னது. நீங்க விழுந்து கும்புட்டதைப் பாத்துத்தான் எனக்கு இந்த ரோசனையே வந்துச்சு." கொஞ்சம் நிறுத்தி, இதையும் சொல்லிவிடுவோம் என்பதைப் போலச் சொன்னாள்: "இது அந்தக் கவுளியுமில்லீங்க. இது மூணாவது."

"மொண்டி வாலு..."

"எல்லாக் கவுளிக்கும் ஒருநாள் வாலு ஒடியுமுங்க."

வாசலில் கண்ணுசாமி சிரிக்கவும் முடியாமல் போகவும் முடியாமல் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றான். அர்த்தநாரிக்கு உச்சந்தலை வரைக்கும் ஆத்திரம் ஏறியது. "கட்டுன புருசனை முட்டாளாக்கி வெச்சிருக்கறயே, உன்னை எப்புடி நான் நம்புவேன்?" என்று கத்தினார்.

"எப்பத்தான் நம்புனீங்க?" என்றாள் அவள். "பொஞ்சாதி சொன்னா உங்களுக்கு ஆகாது. பல்லி சொன்னா ஆகும். நான் என்னதான் பண்றது? உங்களைக் கெடுக்கோணும்னு ஒரு தடவையாவது வெச்சிருக்கறனா, சொல்லுங்க. இந்த ஊட்டுக்கு ஆகாததை ஒருக்காவாவது கெழக்குல வெச்சிருக்கறனா?"

அவர் பதிலைத் தேடினார். கரும்பு, காடு, படிப்பு, மாப்பிள்ளை, ஒவ்வொன்றாகப் புரட்டினார். ஒன்றிலும் ஓட்டை இல்லை. புரட்டிக்கொண்டே அவள் கையைப் பார்த்தவர் திடீரென்று கிட்டே போனார்.

"அந்த மூட்டைக்குள்ள கைய உட்டியா?"

"உட்டேனுங்க."

"அதுல பொடி கெடக்குது புள்ள! பி.எச்.சி. பொடி! அந்தக் கையிலயா சோறு ஆக்குனே? நீ என்ன தின்னே? மயிலு என்ன தின்னா?"

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தண்ணீர்த் தொட்டிக்கு ஓடினார். சாம்பலைப் போட்டுத் தேய்த்தார், சோப்பைப் போட்டுத் தேய்த்தார், நகத்துக்குள் ஈர்க்குச்சியை விட்டு வழித்தார். கல்யாணமான நாளிலிருந்து அவர் அவள் கையை அவ்வளவு நேரம் பிடித்தது கிடையாது.

"கை கழுவாம ஆராச்சும் சோறு ஆக்குவாங்களா?" என்றாள் சௌந்திரம். "எங்களுக்கு ஒண்ணுமில்லீங்க. பொடி போட்டதை ஏன் சொல்லல?"

"மூட்டை இருக்கறது ஆருக்கும் தெரியக் கூடாதுன்னுதான்."

"எனக்குமா?"

அர்த்தநாரி தேய்ப்பதை நிறுத்தினார். தண்ணீர் சொட்டுகிற அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஊரெல்லாம் அலைந்து மருந்தில்லாத பூச்சியாகத் தேடியவர், மருந்தைத் தன் கையாலேயே கொட்டி, பெண்டாட்டியிடம்கூட மறைத்து வைத்தார். கவுளியைக் கொன்றது யார் என்று இனித் துப்புப் பார்க்க வேண்டியதில்லை. வெட்கமாக இருந்தது. கவுளி கிடந்த இடத்தில் பெண்டாட்டியும் மகளும் கிடந்திருக்கலாம் என்று நினைத்துப் பார்த்தார்.

கிளுவை வேலியோரம் குழி தோண்டிக் கவுளியைப் புதைத்தார். ஒரு பிடி மண்ணைப் போட்டுவிட்டு, மூன்றாவதோ நாலாவதோ, நல்ல கவுளிதான் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டார். மூட்டையை இறக்கி, "விதைக்கு மட்டுந்தான், ஒரு கடலைகூட வாயில போடாதீங்க" என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். அதற்குள் பொழுது இறங்கிவிட்டது. கண்ணுசாமி இன்னும் போகவில்லை. கட்டில் நுனியில் உட்கார்ந்து பஸ் வருகிற திக்கையே பார்த்துக்கொண்டிருந்தான். நாச்சிமுத்து வீட்டார் கேட்ட நாள் இதுதான்.

சௌந்திரம் விளக்கை ஏற்றினாள். அர்த்தநாரி கால் பழக்கத்தில் ஆசாரத்து நடுவில் போய்க் கைகட்டி நின்றார். சுவரைப் பார்த்தார். நாலு சுவரும் வெறுமனே நின்றன. மெதுவாகப் பெண்டாட்டியின் பக்கம் திரும்பினார். கட்டிய கையை அவிழ்க்கவில்லை.

"நீயே சொல்லு. மயிலைக் குடுக்கலாமா?"

அவளுக்குச் சட்டென்று பேச்சு வரவில்லை. இருபது வருசத்துக்கு மேலாகப் பூச்சியை வைத்தே பேசிப் பழகியவள். வாயைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள். அதைப் பார்த்த அர்த்தநாரிக்கு முந்தின நாள் கவுளி வாயைத் திறந்து திறந்து பார்த்தது ஞாபகம் வந்தது.

"குடுக்கலாமுங்க," என்றாள் மெல்ல.

அர்த்தநாரியின் முகம் இன்னும் தெளியவில்லை. அவளை ஒரு தடவை பார்த்தார், அவள் சாய்ந்து நிற்கிற சுவரை ஒரு தடவை பார்த்தார். தெற்குச் சுவர். பிறகு கிட்டே போய், அவள் கையைப் பிடித்து ஆசாரத்தைக் கடந்து கூட்டிவந்து, கிழக்கு மாடக்குழிக்குப் பக்கத்தில் நிறுத்தினார்.

"இப்பச் சொல்லு."

"குடுக்கலாமுங்க!" என்றாள் சௌந்திரம். இந்தத் தடவை தெருவுக்கே கேட்டது. கதவுக்குப் பின்னால் மயிலம்மாள் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை.

அர்த்தநாரி வாசலுக்கு வந்தார். "மாப்ள, பஸ் வந்துரும், கெளம்பு. ஆவணியில வெச்சுக்கலாம்னு சொல்லு. கெழக்குல உத்தரவாயிருச்சு."